கராம்பு மிசினும் கல்யாணக் கார்டும்

இன்று காலை ஹுன்னஸ்கிரிய பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் அவர் வைத்த பையைத் திறந்ததும் பச்சைக் கராம்பு வாசம் குப்பென்று அடித்தது. வீட்டுத் தோட்டத்தில் பறித்ததாம், எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்தாராம். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. மனுசன் பயந்துபோய், "என்னங்க சார், ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டார். "ஒத்துக்கும், ஒத்துக்கும். வந்த காரியத்தச் சொல்லுங்க" என்றேன்.

தேயிலைக் கொழுந்துச் சாக்கை முதுகு பிடிக்காமல் இறக்கிவைக்க ஒரு கொக்கி செய்திருக்கிறார். நல்ல வேலை. ஆனால் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவர் எழுதி வந்திருந்த முதல் பெயர் தோட்டத்துத் துரையுடையது. இரண்டாவது, தொழிற்சங்கத் தலைவருடையது. மூன்றாவதாகத்தான் தன் பெயர். "துரைக்கு இந்தக் கொக்கியப் பத்தி என்னாங்க தெரியும்?" என்றேன். "ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அவரு பேரு இல்லாம எப்படிங்க?" என்றார். அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்! நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த லோயர் ஐயாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாவம் அந்த மனுசன். அவருக்கு விழுந்த ஏச்சில் பாதி உனக்கு விழ வேண்டியது, மச்சான்.

நீ அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு கட்டுக் காகிதம். கண்டியில் அடிக்கிற மழைக்குக் குடை பிடித்தும் பயனில்லை என்று நீ குடையே கொண்டு திரிவதில்லை. கதிரையில் உட்காராமல் நின்றபடியே, "மச்சான், ஏசாம பாரு" என்றாய். ஏசாமல் பார்க்கச் சொன்னபோதே ஏச ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கராம்பில் காம்பு நீக்கும் உன் மிசினுக்கு ஆக்கவுரிமை, அதுதான் பேட்டன்ட், கேட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நீயே கொழும்புக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தாய். இருபது வருசமாக இந்த வேலையையே செய்துகொண்டு பக்கத்தில் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் காட்டினால் சண்டை பிடிப்பான் என்று ஒளித்து அனுப்பியிருக்கிறாய். கெட்டிக்காரன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. விளக்கமும் மோசமில்லை. "மிகவும் சிறப்பான இயந்திரம், பாவித்தவர்கள் மகிழ்வார்கள்" என்று நடுவில் எழுதியிருந்ததைக்கூட மன்னிக்கலாம். கண்டுபிடிப்பாளர்கள் பக்கத்துக்கு வந்தேன். முதலில் "அமரர்" என்று போட்டு உன் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே உன் பெரியப்பா. அதற்குக் கீழே உன் அக்காவின் கணவர், கலகெதர அத்தான். கடைசியில்தான் நீ. ஒரு கல்யாணக் கார்டு அடிக்கிற வரிசை, அப்படியே. கீழே "அனைவரும் வருக" என்பது மட்டும்தான் இல்லை.

"டேய், உங்கப்பா எப்ப கண்டுபிடிச்சாரு? நீ இந்த மிசினுக்கு இரும்பு வாங்கறதுக்கு முந்தியே அவரு போய்ச் சேந்துட்டாரேடா!"

"அவரு இல்லாம நான் எப்படிரா?"

"பெரியப்பா?"

"படிக்க வச்சாரு."

"அத்தான்?"

"எடம் குடுத்தாரு. கராம்பு குடுத்தாரு. அவர விட முடியுமா? அக்காவ அப்புறம் நான் எப்படிப் பாக்கறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் நீ கொண்டுவந்த கட்டில் இன்னொரு கடிதமும் இருந்தது. உன் மிசினைச் செய்து விற்க முன்வந்த கொழும்புக் கம்பனியின் லோயர் எழுதியது. கண்டுபிடிப்பாளர் ஒவ்வொருவரும் இந்த இயந்திரத்தில் தான் யோசித்த பகுதி எது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பேச்சு முடிந்தது. செத்துப்போன மனுசரிடம் கையொப்பம் வாங்க எந்த லோயராலும் முடியாது.

உனக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு இருக்கிறதே! காசு கொடுத்தவர், இடம் கொடுத்தவர், படிக்க வைத்தவர், ஆசீர்வாதம் பண்ணியவர் எல்லாரும் பெரியவர்கள்தான், கும்பிட வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தப் பக்கம் அவர்களுக்கானதில்லை. யாருடைய மண்டையில் அந்த யோசனை உதித்ததோ அவருக்கு மட்டும்தான் அங்கே இடம். உரிமை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், விண்ணப்பதாரராக யாரையும் போடலாம், அது வேறு கதை. கண்டுபிடிக்காதவன் பெயரைக் கண்டுபிடித்தவன் என்று போட்டால், நாளைக்கு எவனாவது ஒருத்தன் வழக்குப் போட்டு, விண்ணப்பத்தில் கொடுத்த உறுதிமொழியே பொய் என்று காட்டி, மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவான். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: "அப்ப மரியாதைய எங்க எழுதறது?"

எரிந்து விழுந்தேன்.

நீ விளையாட்டுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இதயத்தில் வால்வு பழுது, இனிமேல் பட்டறையில் பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். உன் சின்ன மகளின் படிப்பைப் பற்றிப் பேசியபோது சிரிக்கவில்லை. உன் கையால் செய்ததில் உனக்குப் பிறகும் ஓடக்கூடியது அந்த மிசின் ஒன்றுதான். இந்த ஒரு பக்கம் பிழையாகப் போனால் அவளுக்கு ஒன்றுமில்லை.

"சரி, ஒண்ணொண்ணா சொல்லு. தட்டு யாரு யோசிச்சது?" "நான்." "உருளை?" "நான்தான்." "பெல்ட்?" "நான்." "கராம்போட தலை ஒடையாம காம்ப மட்டும் எடுக்குதே, அது?"

நீ நனைந்த பிளாஸ்டிக் பையை மடிக்கத் தொடங்கினாய். நான் எழுதுவதை நிறுத்தினேன்.

அந்த மிசினின் உயிரே அதுதான். கராம்பின் தலை உதிர்ந்தால் கடைக்காரன் திரும்பியும் பார்க்க மாட்டான். நீ முதலில் போட்ட இரும்புக் கம்பிகள் தலையெல்லாம் கொய்தெறிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால் இரண்டு மெத்தென்ற தூரிகைகள், ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும், எதிரும் புதிருமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கராம்பு முழுசாக விழுந்தது. நான் உன்னைத் தோளில் தட்டி மெச்சினேன். நீயும் மெச்சலை வாங்கிக்கொண்டாய்.

"அது மடவளை நானா சொன்னது" என்றாய் மெதுவாக. நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், வெல்டிங் கடைக்காரர். "வெல்டிங்குக்குக் கொண்டு போனேன்ல, அப்ப. இரும்ப விட்டுட்டு ரெண்டு பிரஷ்ஷப் போடு, வேகத்த மாத்தி விடுன்னாரு. அவரே ஒண்ணு செஞ்சும் குடுத்தாரு."

"அப்ப அவரு பேரு எங்கடா?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய் மச்சான், சத்தியமாக உன் முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. "அவரு சொந்தம் இல்லையே" என்றாய்.

நான் அன்றைக்கு உன்னை அடித்திருப்பேன். எழுதக் கூடாத மூன்று பேரை எழுதி, எழுத வேண்டிய ஒருவரை விட்டிருந்தாய். இரண்டும் பிழை, இரண்டாவது பெரிய பிழை. வெல்டிங்குக்குக் கொடுத்த கூலி வெல்டிங்குக்குத்தான். யோசனையை அதில் சேர்த்து வாங்கிவிட்டதாக எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். நானா மனம் கசந்து ஒரு வார்த்தை வெளியே சொன்னால் போதும், கம்பனி வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அப்பாவின் பெயரை நீக்க அவருடைய மரணச் சான்றிதழ் போதும், மற்ற இருவரும் தாங்களே எழுதித் தர வேண்டும். பெரியப்பாவிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "நான் கண்டுபிடிச்சேனா? எனக்கே தெரியாதேடா!" என்று சிரித்துச் சிரித்து இருமி, தான் கண்டுபிடிப்பாளர் இல்லை என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அடுத்து மடவளை. பள்ளிவாசல் தாண்டி நானாவின் கடைக்கு நடக்கும்போது நீ இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாய். மூச்சா, பயமா என்று நான் கேட்கவில்லை.

நானா முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு நீ சொன்னதையெல்லாம் கேட்டார். "பேரு போடல்ல எண்டு எனக்குக் கோவம் இல்ல, தம்பி" என்றார் கடைசியில். "பேரப் போட்டு நான் என்ன செய்ய? அதப் பத்தி என்னட்ட ஒரு வார்த்த கேக்கவும் இல்லயே நீங்க. அதுதான் நெஞ்சில ஈக்குது."

நீ அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். கரி படிந்த கை, அவர் இழுக்கப் பார்த்தார், நீ விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எங்க ஒப்பம் வைக்கணும், செல்லுங்க" என்றார். தான் யோசித்தது அந்த இரண்டு தூரிகை மட்டும்தான், மற்றதெல்லாம் நீ என்று அவர் வாயாலேயே சொல்லி எழுத வைத்தார். வருகிறதில் அவருக்கும் பங்கு என்று அன்றைக்கே ஒப்பந்தம் எழுதினோம். வெளியே வந்ததும் நீ பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாய். எனக்கு அழுகிற ஆளைத் தேற்றத் தெரியாது, தெரியும்தானே உனக்கு. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் அத்தான்.

கலகெதரவுக்கு நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முற்றம் முழுக்கப் பாயில் கராம்பு காய்ந்தது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு நிலைக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அச்சகத்திலிருந்து வந்த கார்டின் மாதிரிப் பிரதி மேசையில் கிடந்தது. நல்ல சமயமாகத்தான் வந்தோம் என்று நான் பல்லைக் கடித்தேன்.

நீ அறிக்கையை அவர் முன்னால் வைத்தாய். அவர் வாசித்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. பிறகு காகிதத்தை உன் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"என் பேர எடுக்கணுமா?"

"அத்தான், இது மரியாதைக்காகப் போடற பேரு இல்லையாம்..."

"உன் மிசின் எங்க ஓடிச்சு? என் முத்தத்துல. எதத் தின்னு பழகிச்சு? என் கராம்ப. ஒடைச்சதெல்லாம் என் கராம்பு. ஒரு வார்த்த சொன்னேனா நான்? ஊர்ல அத்தன பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், மச்சினன் என் பேரையும் போட்டிருக்கான்னு. இப்ப நான் இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கணும்?"

நான் வாயைத் திறந்தேன். "உதவி பண்ணவங்க வேற, யோசிச்சவங்க வேற, அண்ணே. சட்டத்துல..." "நீங்க பேசாதீங்க" என்றார், என்னைப் பார்க்காமலே. "இது குடும்பத்துப் பேச்சு."

என்னை ஒருத்தன் வாயை மூடச் சொல்லி நான் மூடியது அன்றைக்கு மட்டும்தான். உன் நெற்றியில் வியர்வை வழிந்தது. கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போனதை அக்கா பார்த்தார், நானும் பார்த்தேன். கம்பனி சொன்ன தவணை நெருங்கியிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். நீ எழும்பவில்லை. "அத்தான், இது சின்னவளுக்கு" என்று மட்டும் சொன்னாய்.

அத்தான் பேனாவை எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் இழுத்தது அறிக்கையை அல்ல, கல்யாணக் கார்டை. "இதுல உன் பேரு எங்க இருக்குன்னு பாத்தியா?" என்றார். தாய்மாமன் என்று போட்டு, உன் பெயர்தான், நடுவில், தனி வரியில். எல்லாரையும் விடப் பெரிய எழுத்தில். அதன் மேல் ஒரு கோடு போட்டார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

"அய்யோ, என்னாங்க இது!" என்று அக்கா கத்தியேவிட்டார்.

"அங்க நான் இல்ல. இங்க இவன் இல்ல. சரியாப் போச்சு." அதே பேனாவால் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு உன் பக்கம் எறிந்தார். சாட்சிக்கு நான் போட்டேன்.

ஒரு தாய்மாமனைக் கார்டிலிருந்து எடுப்பதென்றால் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் வாய்க்கு வந்தபடி அவரை ஏசிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய். "விடு மச்சான். அவரு குடுக்கறதுக்கு ஒரு வெல இருக்கும்ல" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பட்டறைக் கதை, மழைக் கதை என்று திருப்பிவிடுவாய்.

திருத்தம் போயிற்று. கம்பனி ஏற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கு நீ போனாய். போகாதே என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சீர்த் தட்டைக்கூட வாசலில் யாரிடமோ கொடுத்துவிட்டு, மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாய். நானும் உன் பக்கத்தில்தான் இருந்தேன். மாமன் வரட்டும் என்று ஐயர் கூப்பிட்டபோது உங்கள் சித்தப்பா மகன் ஒருவன் எழுந்து போனான். மணவறையில் இருந்த பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தில் உன்னைத் தேடினாள். நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாய். அந்த வார் அறுந்திருக்கவே இல்லை மச்சான். எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா?

ஆக்கவுரிமைப் பத்திரம் வந்தபோது நீ இல்லை. உன் பெயரும் நானாவின் பெயரும், இரண்டே பெயர். அது வந்து கொஞ்ச காலத்தில் ஒரு வியாபாரி அதே மாதிரி மிசின் செய்து விற்கத் தொடங்கினான். தடுக்கப் போனால், உண்மையான கண்டுபிடிப்பாளரை மறைத்திருக்கிறார்கள், வெல்டிங் கடைக்காரர் ஒருவரின் யோசனை அது, ஆகவே செல்லாது என்று எதிர்த்தான். எங்கேயோ துருவி எடுத்திருக்கிறான். அவனுடைய லோயர் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த வெல்டிங் கடைக்காரரின் பெயர் அங்கே இருந்தது. நானாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "பிரஷ் ரெண்டும் நான். மத்த எல்லாம் அவரு" என்று அன்றைக்குத் தன் கடையில் சொன்ன மாதிரியே சொன்னார். அந்த வியாபாரி அடங்கிவிட்டான். உன் சின்னவள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்தப் பக்கம் பிழையாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. நீ செய்தது சரி. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகம் வேறொன்றில். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போன அன்று உன் வீட்டில் மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும், அச்சகத்துக்கும் கொடுக்க வேண்டும். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும் என்று எழுதிக்கொண்டே வந்து, "மைத்துனரும்" என்ற இடத்தில் நிமிர்ந்தேன். எதிரில் அத்தான் நின்றார். முகம் வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், தெரியவில்லை.

"தம்பி" என்றார். எத்தனையோ பேர் பயந்துகொண்டே என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள், அந்த மாதிரி நின்றார். "அதுல என் பேரப் போடலாமா?"

என் வாய்க்கு நூறு பதில் வந்தது. கார்டில் கோடு போட்டீர்களே, அந்தப் பேனா எங்கே என்று கேட்க வந்தது. அந்தப் பிள்ளை மணவறையிலிருந்து தேடினாளே, பார்த்தீர்களா என்று கேட்க வந்தது. உள்ளே அக்கா உன் காலடியில் இருந்து கதறிக்கொண்டிருந்தார்.

"போடலாம், அண்ணே" என்றேன். "அவனுக்கு உங்க மேல ஒரு கோவமும் இருக்கல. என்கிட்ட சொல்லியிருக்கான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பெயரை எழுதினேன்.

நீ என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் கையெழுத்துப் போடக் கூடாது, அவனவன் சொல்ல வேண்டியதை அவனவன்தான் சொல்ல வேண்டும் என்று ஊரையே ஏசித் திரிகிற நான், அன்றைக்கு உனக்காகப் போட்டேன். அவர் இப்போது நிம்மதியாக இருக்கிறார். திவசத்துக்கு வருகிறார், உன் மகளைப் பார்க்க வருகிறார், போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். உனக்குக் கோபம் இருந்திருந்தால், மச்சான், அது எங்கேயும் போய்விடவில்லை. என்னிடம்தான் இருக்கிறது.